வீட்டில் வேறு யாருக்கும் இல்லை

போன மாதம் முழங்கால் வலிக்காக, நான் முன்பு டாக்டராக வேலை பார்த்த அதே அரசு மருத்துவமனைக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவளை யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? மேஜைக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த டாக்டர், உங்களில் ஒருவர். இந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் அவள் கணவன், அவனுக்குப் பின்னால் வாசல்வரை வரிசை. டாக்டர் கணவனைப் பார்த்தார். எத்தனை நாளாக வயிற்றால் போகிறது, ரத்தம் வருகிறதா, வெளியில் ஏதாவது சாப்பிட்டாங்களா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று ஒரே மூச்சில் கேட்டார். கணவனும் ஒரே மூச்சில் பதில் சொன்னான். நடுவில் அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிட்டது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு முட்டி வலி மறந்தே போய்விட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று மருத்துவமனையில் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் எழுதுகிற மாதிரி நாலு நல்ல வார்த்தையை எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இப்போதைக்குக் கோபம்தான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

நெஞ்சு வலி என்று ஒருவர் வந்தால் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறீர்கள். வலி எங்கே ஆரம்பித்தது, எந்தப் பக்கம் போனது, வேர்த்ததா, மூச்சு வாங்கியதா என்று ஒன்று விடுவதில்லை. வயிற்றால் போகிறது என்று ஒருத்தி வந்தால் மட்டும் மூக்கைச் சுளிக்காமல் இருப்பதே பெரிய உபகாரம் என்று நினைப்பு. வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என்ன நிறத்தில் போகிறது என்று கேட்பீர்கள். அவள் வெட்கப்பட்டு, சாதாரணமாகத்தான் போகிறது என்பாள். நீங்களும் அதையே எழுதிக்கொள்வீர்கள். பிறகு டீ குடிக்கிற இடத்தில், இந்த ஜனங்கள் எதையும் சொல்ல மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்வீர்கள். இந்த அலுப்பை நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் காவேரியின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

காவேரி சித்தேரி மலைப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. எந்த ஊர் என்பது வேண்டாம். கணவன் வேடியப்பனோடு சாமையும் தினையும் விதைக்கிறவள். சின்ன வயசு. சீதமும் ரத்தமுமாகப் போகிறது என்று எங்களிடம் பல தடவை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் சில நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். தேறி வீட்டுக்குப் போவாள். சில வாரம் கழித்து, எங்கள் மருத்துவமனை இருக்கிற பாப்பிரெட்டிப்பட்டியில் மலை பஸ் வந்து நின்றால் மறுபடியும் அதிலிருந்து இறங்கி வருவாள். வழியில் வளைவுக்கு வளைவு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓரமாக ஓடவேண்டியிருந்தது என்று வேடியப்பன் சொன்னான். கண்டக்டர் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லாமல் விசில் கொடுத்தாராம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெருங்குடல் நெடுகப் புண். கிருமியால் வந்தது என்றால் மருந்துக்குப் போயிருக்க வேண்டும், போய்ப் போய்த் திரும்ப வருகிறது என்பதால் இது உடம்பே தன் குடலைத் தாக்குகிற வியாதி, ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். குடல் புண்ணாக இரண்டு வழி உண்டு. கிருமி புண்ணாக்கலாம், உடம்பே தன்னைத் தாக்கிப் புண்ணாக்கலாம். கேமராவில் சில சமயம் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். இரண்டாவதற்கு ஸ்டீராய்டு உயிர் காக்கிற மருந்து. முதலாவதற்கு, அதிலும் அமீபா என்றால், அதே மருந்து குடலை ஓட்டையாக்கி ஆளைக் கொன்றுவிடும். படம் பார்த்துத் தெரியாத இந்த வித்தியாசம் பல சமயம் ஆளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஆளைக் கேட்க வேண்டும்.

காவேரி கடைசியாக எங்களிடம் வந்தபோது நடந்து வரவில்லை. வேடியப்பன் தூக்கிக்கொண்டு வந்தான். காய்ச்சல் கொதித்தது. வயிறு உப்பி, தொட்டால் முகம் கோணியது. முதலில் பார்த்தவர் அன்று டியூட்டியில் இருந்த இளம் டாக்டர். கெட்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமான பையன், படிப்பில் பரிசெல்லாம் வாங்கியவர். நகரத்து நிபுணருக்கு உடனே போன் செய்திருக்கிறார். வியாதி முற்றிவிட்டது, ஸ்டீராய்டை அதிக அளவில் ஊசியாகப் போடுங்கள், தாமதித்தால் குடல் வெடித்துவிடும் என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். நான் வார்டுக்குள் நுழைந்தபோது ஊசி மருந்து ஏற்றித் தட்டில் தயாராக இருந்தது.

கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. வெளிச் சாப்பாடு இல்லை. குடிநீர், வீட்டில் எல்லோரும் குடிக்கிற குழாய்த் தண்ணீர். வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. கடைசி வரியாக, இந்தப் பேஷண்ட் ஒரு 'புவர் ஹிஸ்டோரியன்'. தன் கதையைத் தானே சொல்லத் தெரியாதவள் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லத் தெரியாதவள் என்று பேஷண்ட்டைப் பற்றி எழுத ஒரு வார்த்தை வைத்திருக்கிற நம் படிப்பில், கேட்கத் தெரியாத டாக்டரைப் பற்றி எழுத ஒரு வார்த்தை உண்டா? நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"இதெல்லாம் யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க ஹஸ்பண்ட், மேடம். அவங்களுக்குச் சரியாச் சொல்ல வரலை. இந்த ஜனங்க எதையும் சொல்ல மாட்டாங்க."

என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். நிபுணர் சொன்னது சரியாக இருந்து, நான் ஊசியைத் தடுத்தால் அவள் சாவுக்கு நான் பொறுப்பு. அவர் சொன்னது தப்பாக இருந்து, ஊசி ஏறிவிட்டால் அவளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மலப் பரிசோதனை முன்பு எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பரிசோதனையின் லட்சணமும் எனக்குத் தெரியும். காலையில் கொடுத்த டப்பா மத்தியானம்வரை ஜன்னலில் காயும். அமீபா நமக்காக அதுவரை உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்குமா?

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். தேறுகிறாள், திரும்ப வருகிறாள். குணமானது திரும்பி வருகிறதென்றால், ஒன்று குணமாகவே இல்லை, அல்லது எங்கிருந்தோ திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. எங்கிருந்து என்று யாராவது கேட்டார்களா என்று பார்த்தேன். கேட்டிருந்தார்கள். அவள் புருஷனை.

ஊசியைத் தட்டோடு எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். டாக்டர் தம்பி என்னைப் பார்த்த பார்வையில், கிழவிக்குப் பிடிவாதம் என்று எழுதியிருந்தது. ரத்தம் தேவைப்படலாம், உன் ரத்தம் சேருமா என்று பார்த்துக்கொண்டு வா என்று வேடியப்பனை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பக்கத்துக் கட்டில்காரர்களோடு வந்தவர்களையும் வெளியே போகச் சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாடை இருந்தது. இருக்கத்தான் செய்யும், அவளுக்கு வந்திருப்பது அந்த வியாதி. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம்மில் பலர் எட்ட நின்று கேட்பதற்கு அவசரம் காரணமில்லை, அந்த வாடைதான். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் அவளிடம், ஆமா இல்லை என்று பதில் சொல்ல வேண்டாம், இந்தத் தடவை ஆரம்பிப்பதற்கு முந்தி சில வாரமாக எங்கே இருந்தாய், எங்கே படுத்தாய், என்ன குடித்தாய் என்று உன் போக்கில் சொல்லு என்றேன். நேற்று முந்தாநாளை மட்டும் கேட்டால் போதாது. அமீபா உள்ளே போய் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வேலையைக் காட்டும்.

அவள் சன்னமாகச் சொன்னாள். "வூட்ல இருக்கறப்ப கொழாத் தண்ணிதாங்க. எல்லாரும் குடிக்கறதுதான்."

திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த டாக்டர் தம்பி, நான்தான் எழுதிவிட்டேனே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். கேட்டதுக்குப் பதில் வந்தாயிற்று, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று நினைக்கிற இடம் இதுதான். அவள் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. வீட்டில் இருக்கிறபோது என்று ஒருத்தி சொல்கிறாள். எல்லா நாளும் வீட்டில் இருக்கிறவள் அப்படிச் சொல்வாளா?

"வூட்ல இல்லாதப்ப?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு திரைப்பக்கம் பார்த்தாள். தம்பியை அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன்.

"தூரமானா குடிசைல இருக்கணுங்க. ஊருக்குக் கீழ."

மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. மாதவிலக்கு நாட்களில் அவர்கள் ஊரில் பெண்கள் வீட்டில் தங்கக் கூடாது. ஊருக்கு வெளியே சரிவில் ஒரு குடிசை. அதில்தான் இருக்க வேண்டும். சோற்றை யாராவது கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவார்கள். ஊர்க் குழாயை அந்த நாட்களில் தொடக் கூடாது. அதனால் தண்ணீர் மட்டும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குடிசைக்குப் பக்கத்தில் ஒரு ஊற்றுக்குழி இருக்கிறது, அதில் மொண்டு குடிக்கிறார்கள். அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஊர் ஜனங்கள் வெளிக்குப் போகிற இடம் என்றாள். மழை பெய்தால் அங்கே இருப்பதெல்லாம் எங்கே வந்து சேரும் என்று டாக்டருக்குப் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதாமாதம் அவள் எங்களிடம் வந்து குணமாகிப் போனாள். மாதாமாதம் ஊர் அவளை அந்தக் குழிக்கு அனுப்பி வைத்தது. வியாதி திரும்பத் திரும்ப வருவதால் இது கிருமி இல்லை என்று நகரத்தில் கண்டுபிடித்தார்கள்.

அடுத்ததாக நான் கேட்டது உங்கள் கேள்விதான். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினேன். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்காமல், குடிசையில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை முனகிக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க நாத்தனா சுமதிக்கு இருக்குதுங்க. வயசுக்கு வந்து மூணு வாரமா அங்க ஒக்கார வச்சிருக்காங்க. அதுக்கும் ரத்தமாத்தான் போவுது. மொதத் தடவைங்கறதால அப்படித்தான் இருக்கும்னு மாமியா சொல்லுது. நான் வர்றப்ப அந்தப் புள்ளையால எந்திரிக்க முடியலைங்க, டாக்டரம்மா."

பெற்ற தாய் அதை மாதவிலக்கு ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே ஒரு சின்னப் பெண் தனியாகக் கிடந்து ரத்தமும் நீருமாக வற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே எங்கள் கேஸ் ஷீட்டில், வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது.

அந்த இடத்தில் நான் முடிவெடுத்தேன். ஸ்டீராய்டு ஊசி இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அதைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பது. அமீபாவுக்கும் மற்றக் கிருமிகளுக்கும் மருந்தை நரம்பு வழியாக உடனே ஆரம்பிப்பது. குடல் ஓட்டையானால் அறுக்கத் தயாராக இருங்கள் என்று சர்ஜனுக்குச் சொல்லி வைப்பது. நகரத்து நிபுணரைப் போனில் பிடித்துச் சொன்னேன். ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிகிறது, நீங்கள் அவள் உயிரோடு விளையாடுகிறீர்கள் மேடம் என்றார். அவள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்று உங்கள் ஸ்கோப்பில் தெரிந்ததா என்று கேட்டேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும்.

மலத்தைச் சூடு ஆறுவதற்குள் நானே ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் தெரிந்தது. தின்ற ரத்த அணுக்கள் வயிற்றுக்குள் தெரிய, அமீபாக்கள் நகர்ந்துகொண்டிருந்தன. தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

அங்கேயே ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தான் வேடியப்பன்.

"ஏப்பா, வூட்ல வேற யாருக்கும் இல்லைன்னு சொன்னியே. உன் தங்கச்சிக்கு?"

அவன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். "சுமதி இப்ப வூட்ல இல்லீங்களே."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவன் கணக்கில் குடிசையில் இருக்கிற பெண்கள் வீட்டில் இல்லாதவர்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அங்கே நடப்பதைக் கேட்பதும் இல்லை. தங்கச்சிக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உடனே கிளம்பவில்லை.

"மாமன் சீர் முடியாம நான் அங்க போவக் கூடாதுங்க. ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. வெள்ளிக்கெழம சீரு. அன்னிக்கே கூட்டியாந்துடறேங்க."

"வெள்ளிக்கிழமை சீர் செய்யறதுக்கு அந்தப் புள்ள இருக்காது."

வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வார்டுக்கு வந்தான், மனைவியிடம் யோசனை கேட்கிற மாதிரி. காவேரி அவனைக் கூர்ந்து பார்த்தாள். கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க போறீங்களா, இல்ல நான் எந்திரிச்சுப் போவட்டா?"

போனான். ஆம்புலன்ஸை ஏற்பாடு செய்து அவனையும் ஏற்றி அனுப்பினேன். சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் வண்டி போகாது. சரிவில் இறங்கிப் போய், தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்திருக்கிறான். ஊரில் சில பேர் வழியில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவன் அம்மாதான் முதலில் மறித்துக்கொண்டு நின்றவளாம். மகள் தலை தொங்குவதைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் ஒரு கம்பளியை எடுத்து வந்து போர்த்திவிட்டு, தானும் வண்டியில் ஏறிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. நாடியைத் தேட வேண்டியிருந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் எல்லோரும் தடுமாறியபோது, அந்த டாக்டர் தம்பிதான் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு நரம்பைப் பிடித்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கை நல்ல கை. காதுதான் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

சுமதி பிழைத்துக்கொண்டாள். காவேரிக்கு வயிறு அடங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. குடல் ஓட்டையாகவில்லை. அந்த ஊசி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சர்ஜன் என்னிடம் சொன்னார், நான் இங்கே எழுதவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அந்தக் குடிசையைப் பற்றி மேலே எழுதினேன், நேரில் போய்ச் சண்டையும் போட்டேன். அதிகாரிகள் மலையேறிப் போனார்கள். ஊர்ப் பெரியவர்களோடு பேசினார்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? குடிசைக்கு ஒரு தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். குழாய்க்கு முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். குடிசை இருக்கிறது. தண்ணீர் நல்ல தண்ணீர், அந்த மட்டும் சரி. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமாம்.

காவேரி மறுபரிசோதனைக்கு வந்த அன்று தனியாக பஸ்ஸில் வந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. வேடியப்பனைத் திட்டிக்கொண்டே வந்தாள், அது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. பக்கத்து மேஜையில் அந்த டாக்டர் தம்பி உட்கார்ந்திருந்தார். வார்டில் நான் திரை போட்டு, ஸ்டூல் போட்டு, பக்குவமாகக் கேட்டதால்தான் இவள் வாயைத் திறந்தாள் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையில்தான் கேட்டேன்.

"ஏம்மா, இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினியே. ஒரு எடத்துலயாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அவ்வளவு வெக்கமா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குப் பதில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"சொன்னேனேங்க. டவுன்ல கேமரா வுடற எடத்துல, குடிசைத் தண்ணி நல்லா இல்லைங்கன்னு சொன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மான்னாங்க." பக்கத்து மேஜையைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "இந்த சார்கிட்டயும் சொன்னேங்க. அவரு எங்க வூட்டுக்காரரைப் பாத்து, என்ன சொல்றாங்கன்னு கேட்டாரு. அது பொம்பளைங்க சமாச்சாரம், ஒண்ணுமில்லீங்கன்னு இவரு சொன்னாரு. சரின்னு எழுதிக்கிட்டாரு."

டாக்டர் தம்பி மறுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த சீட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்லத் தெரியாதவள், வெட்கப்பட்டு மறைத்தவள் என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி, கூட வந்தவரை வெளியே அனுப்பாமல் ஒரு பெண்ணிடமும் கதை கேட்டதில்லை. இன்று வேறு ஊரில் இருக்கிறார்.

சரி, போன மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கதைக்கு வருகிறேன். என் டோக்கன் போனால் போகட்டும் என்று, முட்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனேன். கணவன் மருந்து ஜன்னலில் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் தூண் ஓரமாகக் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குனிந்து, "உள்ள ஏதோ சொல்ல வந்தியே, என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்வதற்கு அவள் கூச்சப்படவும் இல்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறாள். சீட்டில் எழுதியிருந்த மருந்து அவளுக்கு உதவாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து எழுப்பி, உங்கள் மேஜைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் பின்னால் பார்த்து, "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்டீர்கள்.